உலாவியை மாற்றச் சொன்னவர்களும் மாற்ற முடியாதிருந்தவர்களும்

"உங்கள் உலாவி பழசாகிவிட்டது, வேறொன்றுக்கு மாறுங்கள்" என்று தளகர்த்தாக்களே பார்வையாளர்களிடம் வேண்டிக்கொள்ளும் வழக்கம் இணையத்தின் வரலாற்றில் பத்தாண்டுக்குள் இருமுறை பேரியக்கமாக எழுந்து அடங்கியிருக்கிறது. முதலாவது 2001இல், இரண்டாவது 2009இல். முதலாவதில் மக்கள் தஞ்சம் புகுமாறு காட்டப்பட்ட உலாவிகளில் ஒன்று மைக்ரோசொப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர். இரண்டாவதில் கைவிடுமாறு கேட்கப்பட்டதும் அதே எக்ஸ்புளோரர்தான். இந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதை அறிந்தால்தான், அத்தனை எச்சரிக்கைகளுக்குப் பின்னரும் கோடிக்கணக்கானோர் பழைய உலாவியை விட்டு ஏன் அசையவில்லை என்பது விளங்கும். அவர்களைச் சோம்பேறிகள் என்றும் அறியாதவர்கள் என்றும் எழுதித் தள்ளியவர்கள் பலர். நான் அந்தக் கட்சியில் சேரமாட்டேன். முடிச்சைப் போட்டவர்கள் வேறு. அவிழ்க்கவில்லை என்று ஏச்சு வாங்கியவர்கள் வேறு.

உலாவி என்ற மென்பொருளை 1990இல் முதன்முதலாக ஆக்கியவர் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய டிம் பேர்னர்ஸ் லீ. அதைச் சாதாரண மக்களின் கைக்குக் கொண்டுவந்தது, இல்லினோய் பல்கலைக்கழகத்தில் மார்க் அன்ட்ரீசனும் எரிக் பினாவும் எழுதிய மொசைக். அது 1993இல் வெளிவந்தது. அன்ட்ரீசன் அடுத்த ஆண்டே ஜிம் கிளார்க்குடன் சேர்ந்து நெட்ஸ்கேப் நிறுவனத்தைத் தொடங்கினார். 1995 ஆகஸ்ட் 9ஆம் திகதி அதன் பங்குகள் முதன்முறை சந்தைக்கு வந்தபோது 28 டொலருக்கு விடப்பட்ட பங்கு, அன்று மாலை 58 டொலரைத் தாண்டி நின்றது. பிறந்து பதினாறு மாதங்களேயான ஒரு நிறுவனத்திற்குக் கிடைத்த விலை அது.

மைக்ரோசொப்ட் அதற்கு முன்பே விழித்துக்கொண்டிருந்தது. 1995 மே மாதத்தில் பில் கேட்ஸ் தமது அதிகாரிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் இணையத்தை ஒரு பேரலைக்கு ஒப்பிட்டிருந்தார். ஆனால் சொந்தமாக உலாவி எழுத அவகாசமில்லை. எனவே மொசைக்கின் வணிக உரிமையை வைத்திருந்த ஸ்பைகிளாஸ் என்ற நிறுவனத்திடம் அனுமதி வாங்கி, அதன் நிரலை அடித்தளமாகக் கொண்டு முதலாவது எக்ஸ்புளோரரை அதே ஆகஸ்டில் வெளியிட்டது. விற்பனையில் ஸ்பைகிளாசுக்குப் பங்கு உண்டென்பது ஒப்பந்தம். எக்ஸ்புளோரரோ விண்டோசுடன் இலவசமாகச் சென்றது. விற்காத பொருளில் பங்கு ஏது? பிணக்கு முற்றி, 1997இல் 80 இலட்சம் டொலர் கொடுத்துத் தீர்க்கப்பட்டது.

பின்னர் நடந்த போட்டியை 'உலாவிப் போர்' என்று எழுதுவது பத்திரிகை வழக்கமாயிற்று. 1997 ஒக்டோபரில் நான்காம் பதிப்பு வெளியான இரவு, மைக்ரோசொப்ட்காரர் தமது சின்னத்தை ஆளுயரத்திற்கு மேற்பட்ட உருவாகச் செய்து நெட்ஸ்கேப் அலுவலகத்தின் புற்றரையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தனர். விடிந்ததும் நெட்ஸ்கேப் ஊழியர்கள் அதைக் கவிழ்த்து, அதன்மேல் தங்களது டைனோசர் பொம்மையை ஏற்றி நிறுத்தினர். அந்த வேடிக்கை நீடிக்கவில்லை. 1998 மே மாதம் அமெரிக்க அரசு மைக்ரோசொப்ட் மீது ஏகபோக வழக்குத் தொடுத்தது. 2000 ஜூனில் நீதிபதி தோமஸ் பென்பீல்ட் ஜக்சன் நிறுவனத்தை இரண்டாகப் பிளக்க உத்தரவிட்டார். 2001 ஜூனில் மேல்நீதிமன்றம் அவ்வுத்தரவை நீக்கியது. வழக்கு இழுபட்ட காலத்திற்குள் நெட்ஸ்கேப் ஏ.ஓ.எல். நிறுவனத்திடம் விலைபோய்விட்டது. தனது நிரலை மாத்திரம் 1998 மார்ச் 31ஆம் திகதி உலகுக்குப் பொதுவாக்கிவிட்டுப் போயிற்று. மொசில்லா என்ற பெயரில் அந்த விதை மண்ணுக்குள் கிடந்தது.

இப்போது முதலாவது இயக்கத்திற்கு வருவோம். நெட்ஸ்கேப்பின் நான்காம் பதிப்பு 1997இல் வந்தது. ஒரு பக்கத்தின் நிறம், இடைவெளி, எழுத்தளவு முதலியவற்றை வரையறுக்கும் பொதுவிதிகளை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1996 டிசம்பரிலேயே வெளியிட்டிருந்த போதிலும், நெட்ஸ்கேப் 4 அவற்றை அரைகுறையாகவே புரிந்துகொண்டது. இதனால் பக்கம் ஆக்குவோர் ஒரே பக்கத்தை இரண்டு மூன்று விதமாக எழுதவேண்டியிருந்தது. 1998இல் உருவான வலைத் தரநிலைத் திட்டம் என்ற தன்னார்வக் குழு, 2001 பெப்ரவரியில் 'உலாவி மேம்படுத்தல் இயக்கம்' ஒன்றை ஆரம்பித்தது. அக்குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஜெப்ரி செல்ட்மன் தமது இணைய இதழில் கெட்ட உலாவிகளெல்லாம் நரகத்துக்குப் போகட்டும் என்ற தொனியில் தலைப்பிட்டு எழுதினார். பழைய உலாவியோடு வருபவரை, புதியதைத் தரவிறக்கும்படி கூறும் பக்கத்துக்குத் திருப்பிவிடும் நிரல்துண்டும் வழங்கப்பட்டது. எதற்கு மாறவேண்டும்? எக்ஸ்புளோரர் 5 அல்லது அதற்குப் பிந்தியது, நெட்ஸ்கேப் 6, ஒபெரா 5. இவற்றுள் நெட்ஸ்கேப் 6 மந்தமாகவும் குறைகள் மலிந்தும் இருந்ததால், நடைமுறையில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் எக்ஸ்புளோரர். அன்றைய நிலையில் அந்த ஆலோசனை சரியானதே. எக்ஸ்புளோரர் அப்போது உண்மையிலேயே மேலான உலாவியாக இருந்தது என்பதைப் பின்னாளில் அதை ஏசியவர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள்.

அவ்வாண்டு ஆகஸ்டில் எக்ஸ்புளோரர் 6 வெளியானது. ஒக்டோபர் 25ஆம் திகதி விண்டோஸ் எக்ஸ்.பி.யுடன் சேர்ந்து உலகெங்கும் பரவியது. சிறிது காலத்தில் பத்துப் பேரில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் எக்ஸ்புளோரரின் ஏதோவொரு பதிப்பையே பயன்படுத்தினர். போட்டியாளர் இல்லை; ஆகவே வேலையுமில்லை. அடுத்த பதிப்பான ஏழாவது, 2006 ஒக்டோபரில்தான் வந்தது. கணினியுலகில் ஐந்தாண்டு என்பது ஒரு யுகம். இந்த ஐந்தாண்டில் உலகம் முழுவதும் அரச திணைக்களங்களும் வங்கிகளும் பத்திரிகைகளும் தத்தம் தளங்களைக் கட்டியெழுப்பின. அவற்றை ஒரே ஓர் உலாவியில் பார்த்துச் சரிபார்த்துவிட்டு விட்டன. "இத்தளத்தை இன்டர்நெட் எக்ஸ்புளோரரில், 800க்கு 600 என்ற திரையளவில் பார்ப்பது சிறந்தது" என்ற வாசகம் அக்காலத்துப் பக்கங்களின் அடியில் கடையடிப் பலகைபோலத் தொங்கியதை நம்மில் பலரும் கண்டிருப்போம். பூட்டு அங்கேதான் போடப்பட்டது. போட்டவர் வாசகர் அல்லர்.

அந்தப் பூட்டு தமிழ் வாசகர் மீது எப்படி விழுந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் வேறு மொழியினர் எழுதும் உலாவி வரலாறுகளில் இது இடம்பெறுவதில்லை.

தொண்ணூறுகளில் எங்கள் ஆசிரியபீடங்களில் தமிழ் தட்டச்சு செய்யப்பட்டது பாமினி போன்ற எழுத்துருக்களில். ஆங்கில எழுத்துக்குரிய எண்ணின்மீது தமிழ் எழுத்தின் உருவத்தை ஏற்றிவைக்கும் முறை அது. தாளில் அச்சிடும்வரை தொல்லையில்லை. அதே கோப்பை இணையத்தில் ஏற்றினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் செய்தி முழுவதும் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். (மெய்யெழுத்தின் குற்று விழவேண்டிய இடமெல்லாம் பாமினியில் அரைப்புள்ளி நிற்கும், பழகிய கண்ணுக்கு அதைக் கண்டே இது பாமினி என்று சொல்ல முடியும்.) வாசகரே எழுத்துருவைத் தரவிறக்கி நிறுவவேண்டும். ரொறன்ரோவிலும் பாரிசிலும் வேலைத்தளக் கணினியில் ஊர்ச் செய்தி பார்க்க முயன்றவருக்கு நிறுவும் அனுமதியே இருக்காது.

இதற்கு மாற்றாக வந்ததுதான் 'தானிறங்கி எழுத்துரு'. பக்கத்தோடு எழுத்துருவும் சேர்ந்து வந்துவிடும். எக்ஸ்புளோரரின் நான்காம் பதிப்பிலிருந்து மைக்ரோசொப்ட் அதற்கென ஒரு கோப்புமுறையை வைத்திருந்தது. நெட்ஸ்கேப் 4 வேறொன்றை வைத்திருந்தது. நெட்ஸ்கேப் வீழ்ந்ததும் அதன் முறையும் வழக்கொழிந்தது. எஞ்சியது எக்ஸ்புளோரர் மட்டுமே. பல தமிழ்த் தளங்கள் அம்முறையை மட்டும் நம்பி நடந்தன. அவற்றை வேறு உலாவியில் திறந்தவருக்குத் தமிழே கிட்டவில்லை. "எக்ஸ்புளோரரை விட்டுவிடு" என்று வல்லுநர் சொன்ன புத்திமதி, அத்தகைய வாசகரின் காதில் "தமிழ் வாசிப்பதை விட்டுவிடு" என்றுதான் விழுந்திருக்கும்.

யுனிக்கோட் வந்ததும் சிக்கல் தீர்ந்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். யுனிக்கோட்டில் தமிழுக்கு 1991இல் வந்த முதற்பதிப்பிலேயே இடமிருந்தது. லதா எழுத்துருவுடன் விண்டோஸ் 2000 தமிழைத் தாங்கி வந்தது. 2003 முதல் வலைப்பதிவுகள் பெருகின. 2004இல் தமிழ்மணம் அவற்றைத் திரட்டித் தரத் தொடங்கியது. அதே 2004 நவம்பர் 9ஆம் திகதிதான் மொசில்லாவின் விதை முளைத்துப் பயர்பொக்ஸ் 1.0 வெளியாயிற்று. ஆனால் விண்டோசில் இயங்கிய ஆரம்பகாலப் பயர்பொக்ஸ் தமிழை ஒழுங்காகக் காட்டவில்லை. எக்ஸ்.பி. கணினியில் சிக்கலான வரிவடிவங்களுக்கான ஆதரவைத் தனியாக நிறுவினாலொழிய எழுத்துக்கள் கோத்து நிற்கமாட்டா. நிறுவியபின்னரும், இரு ஓரமும் நேராக நிரப்பப்பட்ட பத்திகளில் கொம்பும் அரவும் (தமிழகத்தார் துணைக்கால் என்பது) தாய் எழுத்தை விட்டு விலகித் தனித்தனியே நின்றன. பத்திரிகைப் பழக்கத்தால் பத்திகளை இரு ஓரமும் நிரப்பி அழகு பார்ப்பவர்கள் நாம். எக்ஸ்புளோரரில் அழகாய்த் தெரிந்த அதே பத்தி பயர்பொக்சில் உடைந்து சிதறியது. 2008 ஜூன் 17ஆம் திகதி வெளியான பயர்பொக்ஸ் 3, எழுத்துக்களைக் கோக்கும் பொறியையே மாற்றியமைத்ததோடு இக்குறை தீர்ந்தது. வெளியான 24 மணிநேரத்தில் 80 இலட்சம் தடவைகளுக்கு மேல் தரவிறக்கப்பட்டுக் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்ற பதிப்பு அது. நான்கு ஆண்டுகளாகத் தமிழ் வாசகர் எக்ஸ்புளோரரில் தங்கியிருந்ததற்கு இதைவிட நியாயமான காரணம் வேண்டுமா?

ஆயினும் தங்கியிருந்ததற்கு ஒரு விலை இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. எக்ஸ்புளோரர் விண்டோசின் உள்ளுறுப்புகளோடு பின்னிப் பிணைக்கப்பட்டிருந்தது. பக்கத்தின் ஊடாகவே கணினிக்குள் நிரல்களை இறக்கி இயக்கும் அக்டிவ்-எக்ஸ் என்ற வசதியும் அதில் இருந்தது. நல்லவனுக்குத் திறக்கும் கதவு கள்ளனுக்கும் திறந்தது. 2004 ஜூனில், நம்பகமான தளங்களின் வழங்கிகளே தொற்றுக்குள்ளாகி, அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் பார்வையாளரின் கணினிக்குள் விசை அழுத்தங்களை ஒற்றுப்பார்க்கும் நிரல் இறங்கியது. அமெரிக்க அரசின் கணினி அவசரநிலைப் பிரிவு வெளியிட்ட குறிப்பில், வேறு உலாவியைப் பயன்படுத்துவதும் ஒரு பரிகாரமாகச் சொல்லப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 16ஆம் திகதி நியூயோர்க் டைம்சில் பயர்பொக்சுக்கு இருபக்க விளம்பரம் வந்தது. பணம் கொடுத்த ஆயிரக்கணக்கானோரின் பெயர்களால் அப்பக்கங்கள் நிரம்பியிருந்தன. ஒரு மென்பொருளுக்கு வாசகரே காசு சேர்த்து விளம்பரம் போட்டதைப் பத்திரிகைக்காரன் என்ற முறையில் நான் வியப்போடு பார்த்தேன்.

இரண்டாவது இயக்கம் 2009இல் சூடுபிடித்தது. பெப்ரவரியில் நோர்வேயின் பெரிய விளம்பரத் தளமான பின், எக்ஸ்புளோரர் 6இல் வருவோருக்கு எச்சரிக்கை காட்டத் தொடங்க, அந்நாட்டின் வேறு பல தளங்களும் பின்தொடர்ந்தன. ஜூலையில் யூடியூப் தளத்தில் ஒரு பட்டி தோன்றியது: உங்கள் உலாவிக்கான ஆதரவு விரைவில் நிறுத்தப்படும், இவற்றுள் ஒன்றுக்கு மாறுங்கள். நிறுவனத்தின் பெருங்கொள்கை முடிவென்றே உலகம் அதை நம்பியது. உண்மையில் அது சில இளம் பொறியியலாளர்களின் சதி என்பதை அவர்களுள் ஒருவரான கிறிஸ் சக்கரியாஸ் பத்தாண்டு கழித்து 2019இல் எழுதினார். கூகுள் வாங்குவதற்கு முன்பே யூடியூப்பில் இருந்த பழைய ஊழியர்களுக்கு, மேலதிக அனுமதியின்றித் தளத்தில் மாற்றம் செய்யும் சலுகை எஞ்சியிருந்தது. அதைப் பயன்படுத்திப் பட்டியை ஏற்றிவிட்டார்கள். கூகுளின் சட்டத்தரணிகள் ஓடிவந்து கேட்டது ஒன்றைத்தான்: நமது குரோமை முதலில் வைத்து விளம்பரம் செய்துவிட்டீர்களா? உலாவிகளின் வரிசை ஒவ்வொருவருக்கும் மாறிமாறித் தோன்றும்படி அமைத்திருந்ததைக் காட்டிய பின்னரே அவர்கள் அமைதியடைந்தார்கள். ஒரு மாதத்திற்குள் யூடியூப்புக்கு எக்ஸ்புளோரர் 6இல் வருவோர் தொகை பாதியாகக் குறைந்ததாக அவர் எழுதுகிறார். எட்டாண்டுப் பிரசாரம் செய்யாததை ஒரு பட்டி செய்தது என்றால், காணொளி பார்க்க முடியாமற் போகும் என்ற அச்சம் வேலை செய்தது என்று பொருள்.

அச்சத்திற்கு அடுத்த ஆண்டு இன்னும் காரணம் கிடைத்தது. 2010 ஜனவரி 12ஆம் திகதி கூகுள், தன்மீது சீனாவிலிருந்து நுட்பமான ஊடுருவல் நடந்ததாக அறிவித்தது. நுழைந்த வழிகளில் ஒன்று எக்ஸ்புளோரரின் ஓட்டை. ஜேர்மனி, பிரான்ஸ் ஆகிய நாடுகளின் அரச பாதுகாப்பு அமைப்புகள் எக்ஸ்புளோரரைத் தற்காலிகமாகத் தவிர்க்குமாறு மக்களைக் கேட்டன. பிரித்தானிய அரசின் போக்கு வேறு. திணைக்களங்களில் எக்ஸ்புளோரர் 6ஐ நீக்குமாறு கோரிய பொதுமக்கள் மனுவுக்கு 2010 ஜூலையில் பதிலளித்த அரசு, மாற்றும் செலவு பெரியதென்று கூறி மறுத்தது. கேலி செய்தார்கள். ஆனால் அந்தப் பதிலில் உண்மையும் இருந்தது. எக்ஸ்புளோரர் 6ஐ நம்பி எழுதப்பட்ட அலுவலக மென்பொருள்கள் வேறெதிலும் ஓடாது. அவற்றைத் திரும்ப எழுதும் பணத்தை எவரும் ஒதுக்கியிருக்கவில்லை.

இந்தப் பிணைப்பின் உச்சத்தைத் தென்கொரியாவில் காணலாம். தொண்ணூறுகளில் அமெரிக்கா வலுவான மறைகுறியீட்டு மென்பொருளை ஏற்றுமதி செய்யத் தடைவிதித்திருந்ததால், கொரியர் சீட் என்ற சொந்த மறைகுறியீட்டை ஆக்கினர். அதை அக்டிவ்-எக்ஸ் வழியாக உலாவிக்குள் புகுத்தி, வங்கிக் கொடுக்கல்வாங்கலுக்கும் இணையக் கொள்வனவுக்கும் கட்டாயமாக்கினர். விளைவு, உலகின் அதிவேக இணையத்தைக் கொண்ட நாடு ஒரே உலாவிக்குள் சிறைப்பட்டது. 2014இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் சீனாவில் புகழ்பெற்று, அதன் நாயகி அணிந்த மேலங்கியை வாங்கச் சீன இரசிகர்கள் கொரியத் தளங்களுக்கு வந்து முடியாமல் திரும்பினார்கள். ஜனாதிபதி பார்க் கியூன் ஹே அதைப் பகிரங்கமாகக் குறிப்பிட்ட பிறகுதான் அரச இயந்திரம் அசைந்தது. பழைய சான்றிதழ் முறை சட்டப்படி தனிச்சலுகை இழந்தது 2020 டிசம்பரில். எந்தக் கொரியக் குடிமகனிடமும் போய் "ஏன் மாறவில்லை" என்று கேட்க எவருக்கு உரிமை?

மைக்ரோசொப்ட்டே தன் பிள்ளையை விட்டுவிடும்படி கெஞ்சிய காலமும் வந்தது. 2010 மார்ச் 4ஆம் திகதி டென்வர் நகரின் வடிவமைப்பு நிறுவனமொன்று எக்ஸ்புளோரர் 6க்குச் சவப்பெட்டி வைத்து இறுதிச்சடங்கு நடத்தியது. மைக்ரோசொப்ட் மலர் அனுப்பிவைத்தது. அதே ஆண்டு அந்நிறுவனத்தின் அவுஸ்திரேலியக் கிளை, ஒன்பது வருடப் பாலைக் குடிப்பீர்களா என்று விளம்பரம் செய்தது. 2011 மார்ச்சில் இறுதிக் கணக்கெண்ணும் தளமொன்றையும் திறந்தார்கள். அப்போது உலக அளவில் சுமார் 12 வீதமானோரும் சீனாவில் சுமார் 34 வீதமானோரும் எக்ஸ்புளோரர் 6இலேயே இருந்தனர். சீனாவில் இவ்வளவு தேங்கியதற்குத் திருட்டுப் பிரதியாக நிறுவப்பட்ட எக்ஸ்.பி. ஒரு முக்கிய காரணம். மெய்ப்பிரதியா என்று சோதிக்கும் மேம்படுத்தலுக்கு அஞ்சியவர்கள் எந்த மேம்படுத்தலையும் ஏற்கவில்லை.

கடைசியில் பிரச்சினையைக் கரைத்தது பிரசாரமன்று. 2008 செப்டெம்பரில் வந்த குரோம், பயனாளரைக் கேளாமலேயே பின்னணியில் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. பதிப்பெண் என்னவென்று தெரிந்துவைத்திருக்கும் அவசியமே இல்லாமற் போயிற்று. மற்ற உலாவிகளும் அவ்வழியே சென்றன. 2014 ஏப்ரல் 8ஆம் திகதி எக்ஸ்.பி.க்கான ஆதரவு முடிந்தது. 2022 ஜூன் 15ஆம் திகதி எக்ஸ்புளோரர் 11 ஓய்வுபெற்றது. கொரியாவின் கியோங்ஜு நகரில் மென்பொருள் பொறியியலாளர் ஒருவர் அதற்குக் கல்லறைக்கல்லே நாட்டினார். வேறு உலாவிகளைத் தரவிறக்க அது நல்ல கருவியாக இருந்தது என்று அதில் பொறித்திருந்தார்.

பாதுகாப்பைக் கருதும் எவரும் ஆதரவு முடிந்த உலாவியில் வங்கிக் கணக்கைத் திறக்கக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. விண்டோஸ் 7 கணினிகளைக் குரோம் 2023 தொடக்கத்தில் கைவிட்டது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்தது. அத்தகைய கணினி வைத்திருப்போர் தமது உலாவிக்கு இன்னும் பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றனவா என்பதை அதன் 'பற்றி' என்ற பகுதியைத் திறந்து பார்த்துக்கொள்வது நன்று. வராவிட்டால், வருகின்ற ஒன்றுக்கு இன்றே மாறவேண்டும். ஆனால் இந்த அறிவுரையைச் சொல்வோர் தம் பக்கங்களையும் ஒருமுறை பார்க்கட்டும். ஒபெரா 2013இலும் மைக்ரோசொப்ட்டின் எட்ஜ் 2020 ஜனவரியிலும் குரோமின் உட்பொறிக்கே மாறிவிட்டன. பயர்பொக்சும் சபாரியும் வெளியே நிற்கின்றன. குரோமில் மட்டும் சரிபார்க்கப்பட்ட படிவங்களும் கட்டணப் பக்கங்களும் மீண்டும் பெருகுகின்றன. அன்று பக்கத்தின் அடியில் தொங்கிய வாசகத்தை இன்று எவரும் எழுதுவதில்லை. எழுதாமலேயே அதன்படி நடக்கிறார்கள்.

எக்ஸ்புளோரர் முற்றாகப் போய்விட்டது என்றும் நினைக்கவேண்டாம். அதை நம்பி எழுதப்பட்ட அலுவலகத் தளங்களுக்காக எட்ஜ் உலாவிக்குள் பழைய எக்ஸ்புளோரரின் பொறி ஒரு தனி நிலையாகப் பேணப்படுகிறது. குறைந்தது 2029 வரை அதைத் தாங்கிக்கொள்வதாக மைக்ரோசொப்ட் வாக்களித்திருக்கிறது.